துறைமுகம் தேடிய கப்பல் படை

வணக்கம் நேயர்களே.

புதுச்சேரியில் கடற்கரைக்குப் பக்கத்தில் சுஃப்ரேன் தெரு என்று ஒன்று இருக்கிறது. அந்தப் பெயருக்கு உரியவர் பியேர் ஆந்த்ரே த சுஃப்ரேன், பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி. 1782 பிப்ரவரியிலிருந்து 1783 ஜூன் வரை, பதினாறு மாதங்களில், நம் கிழக்குக் கடலில் அவர் ஆங்கிலேயரோடு ஐந்து முறை மோதினார். சதுரங்கப்பட்டினம், இலங்கையின் புரோவிடியன் தீவு, நாகப்பட்டினம், திருகோணமலை, கடைசியாகக் கடலூர். ஐந்து முறையும் எதிரே நின்றவர் ஆங்கிலக் கடற்படைத் தளபதி எட்வர்ட் ஹியூஸ்தான். அமெரிக்க விடுதலைப் போரில் ஆங்கிலேயருக்கு எதிராகப் பிரான்ஸ் இறங்கியதால் வந்த சண்டை இது.

ஐந்து சண்டையிலும் எந்தத் தரப்பும் எதிரியின் பெரிய போர்க்கப்பல் ஒன்றைக்கூடப் பிடிக்கவில்லை. அதனால் பலர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எனக்கு அது சரியாகப் படவில்லை. பீரங்கிச் சத்தம் அடங்கிய பிறகு நடந்ததைப் பார்த்தால்தான் இந்த மனிதரின் அருமை தெரியும்.

பாய்மரக் கப்பலுக்கு முதல் எதிரி கடல்தான். சுஃப்ரேன் ஏறி நின்ற ஏரோ என்ற கப்பல் 74 பீரங்கிகள் கொண்டது. அந்த 74 பீரங்கி அமைப்பைச் செம்மையாக்கியவர்களே பிரெஞ்சுக்காரர்கள். ஆங்கிலேயர் பிறகு அதைப் பார்த்துக் கட்டினார்கள். அப்படிப்பட்ட கப்பலில் அறுநூறு எழுநூறு பேர் இருப்பார்கள். அவர்களுக்குக் குடிநீர் வேண்டும், காய்கறி வேண்டும். இல்லையென்றால் ஸ்கர்வி நோயில் ஈறு வீங்கிச் சாவார்கள். பாய்மரம் முறிந்தால் மாற்று மரம் வேண்டும். இதற்கெல்லாம் ஒரு துறைமுகம் வேண்டும்.

நம் சோழமண்டலக் கரையோ திறந்த கரை. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் மூட்டையும் அலையில் வளைந்து கொடுக்கும் மசூலாப் படகில்தான் கரைக்கு வர முடியும். ஐப்பசியில் வாடைக் காற்று தொடங்கிவிட்டால் அங்கே நிற்பதே உயிருக்கு ஆபத்து. புதுச்சேரியை ஆங்கிலேயர் 1778இலேயே பிடித்துவிட்டார்கள். ஹியூஸுக்குப் பம்பாயில், கப்பலின் அடிப்பகுதியைத் தண்ணீரில்லாமல் பழுதுபார்க்கும் உலர்துறை இருந்தது. சுஃப்ரேனுக்கு இருந்தது மொரீஷியஸ், அன்றைய ஈல் த பிரான்ஸ். போய் வருவதற்குள் ஒரு பருவமே கழிந்துவிடும். திரும்பிப் போகலாம் என்ற பேச்சு இருந்தும் அவர் கரையை விடவில்லை. சிறிய கப்பல்களின் பாய்மரங்களைக் கழற்றிப் பெரிய கப்பல்களில் நிறுத்தினார். நடுக்கடலில் இந்த வேலை எவ்வளவு கடினம் என்று மீனவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நாகப்பட்டினம் சண்டையில் செவேர் என்ற பிரெஞ்சுக் கப்பலின் தலைவர் சரணடைவதாகக் கொடியை இறக்கிவிட்டார். கீழிருந்த அதிகாரிகள் ஒப்புக்கொள்ளாமல் மறுபடி ஏற்றிச் சண்டையைத் தொடர்ந்தார்கள். சண்டை முடிந்ததும் சில கப்பல் தலைவர்களைச் சுஃப்ரேன் பதவி நீக்கி அனுப்பினார். ஆளோடு ஆள் சேராத படை அது. அதுவும் அவருக்கு ஒரு சுமை.

அப்புறம், ஆங்கிலேயரோடு போரிட்டுக்கொண்டிருந்த மைசூர் ஹைதர் அலியைக் கடலூர்ப் பக்கம் சந்தித்தார். சம்மணம் போட்டு உட்கார முடியாத பருத்த உடம்பு சுஃப்ரேனுக்கு. ஹைதர் மெத்தைகள் போடச் சொல்லி, வசதிப்படி உட்காரச் சொன்னாராம். இதே நாட்களில்தான், கைதிப் பரிமாற்றம் கைகூடாமல், சோறு போடவும் வழியில்லாமல், பிடிபட்ட ஆங்கிலேயரை ஹைதரிடம் ஒப்படைத்தார். அவர்கள் மைசூர்ச் சிறைகளில் பட்ட பாடு கொடுமையானது. சுஃப்ரேன்மேல் எனக்கு எவ்வளவு மதிப்பு இருந்தாலும் இதை என்னால் மறைத்துப் பேச முடியாது.

அவர் தேடிய துறைமுகம் திருகோணமலை. புயலிலும் கப்பல் அமைதியாக நிற்கும் இயற்கைத் துறை. 1782 ஜனவரியில் டச்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலேயர் அதைப் பறித்திருந்தார்கள். ஆகஸ்ட் கடைசியில் சுஃப்ரேன் படையை இறக்கிச் சில நாட்களிலேயே கோட்டைகளைப் பிடித்தார். செப்டம்பர் 2 அன்று ஹியூஸ் வந்து சேர்ந்தபோது கோட்டையில் பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்தது.

மறுநாளே சண்டை. சைகை சரியாகப் புரியாமல் பிரெஞ்சு வரிசை கலைந்துபோனது. ஏரோவின் நடுப்பாய்மரம் கொடியோடு சாய்ந்தது. சரணடைந்துவிட்டார்கள் என்று எதிரி நினைத்துவிடக் கூடாது என்பதற்காக, கப்பலைச் சுற்றிலும் வெள்ளைக் கொடிகளைக் கட்டச் சொல்லிக் கத்தினார் சுஃப்ரேன். அன்று பிரெஞ்சுக் கொடியே வெள்ளைதான், நேயர்களே. ஹியூஸ் பிடிக்க முடியாத இரண்டு பெரிய கப்பல்கள், ஒரியாந்தும் பிசாரும், அடுத்த சில வாரங்களில் தரைதட்டி அழிந்தன. ஒன்று திருகோணமலைத் துறை வாசலில், மற்றொன்று கடலூர்க் கரையில்.

1783 ஜூனில், பிரெஞ்சுக்காரர் கையிலிருந்த கடலூரை ஆங்கிலேயர் தரையிலும் கடலிலும் முற்றுகையிட்டிருந்தார்கள். சுஃப்ரேனிடம் 15 பெரிய கப்பல்கள், ஹியூஸிடம் 18. பீரங்கிக்கு ஆள் போதவில்லை. கடலூரிலிருந்து 1,200 பேரை ஏற்றிக்கொண்டார். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இந்தியச் சிப்பாய்கள். ஜூன் 20 அன்று அந்தக் கலப்புக் கூட்டத்தோடு சண்டையிட்டு ஹியூஸைப் பின்வாங்க வைத்தார். கடலூர் தப்பியது.

சில நாட்களில் சமாதானச் செய்தி வந்தது. ஐரோப்பாவில் முன்ஒப்பந்தம் ஜனவரியிலேயே கையெழுத்தாகியிருந்தது. புதுச்சேரி பிரான்சுக்குத் திரும்பக் கிடைத்தது. திருகோணமலை டச்சுக்காரர்களிடமே போனது. 1795இல் ஆங்கிலேயர் வந்து அதை எடுத்துக்கொண்டார்கள்.

வணக்கம்.