இபிஎஃப் பணத்தில் தங்கம் வாங்கலாமா?

வணக்கம் மக்களே. மலேசியாவில், சுங்கை சிப்புட் பட்டணத்தில் காரை ஓரங்கட்டிவிட்டுப் பேசுகிறேன். லாரி சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோட்ட வேலை முடித்து வெளியே வருகிற அக்கா, அண்ணன்மார் பலர் கேட்பது இதுதான்: 55 வயதில் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணம் கைக்கு வருகிறது, அப்படியே தங்கமாக மாற்றிவிடலாமா?

மாற்றாதீர்கள். கொஞ்சம் வாங்குங்கள், பத்தில் ஒரு பங்கு போதும் என்பது என் கருத்து.

தோட்டத்து ஆட்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. வேலை முடிந்தால் தோட்ட வீட்டையும் காலி செய்ய வேண்டியிருக்கும். அப்புறம் வாடகை, கரண்ட், மருந்து என்று எல்லாமே மாதா மாதம் ரொக்கம் கேட்கும். தங்கம் பீரோவில் கிடந்தால் ஒரு காசு ஈட்டாது. இபிஎஃப் 2024க்கு 6.3 விழுக்காடு லாப ஈவு கொடுத்தது. எடுக்காமல் விட்டால் 100 வயது வரை ஈவு சேரும்.

அப்புறம் தங்கம் எதற்கு? ரிங்கிட் சரியும் காலத்துக்கு. 1997 நடுவில் ஒரு டாலருக்கு சுமார் இரண்டரை ரிங்கிட். 1998 ஜனவரியில் அது 4.88 வரை போனது. டாலர் கணக்கில் தங்கம் அப்போது இறங்கியிருந்தது, அப்படியும் நம் ஊரில் விலை ஏறியது. அந்தப் பாதுகாப்புக்காகத்தான் வாங்கச் சொல்கிறேன்.

ஆனால் தங்கம் இறங்கவே இறங்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1980 ஜனவரியில் ஒரு அவுன்ஸ் 850 டாலரைத் தொட்டது. அந்த விலையை மறுபடி பார்க்க 2008 ஆகிவிட்டது. 55 வயதில் அன்று வாங்கியவருக்கு அப்போது 83 வயது.

சரி, எதை வாங்குவது? நம் பெண்கள் கூட்டு (சீட்டு) போட்டுச் சங்கிலி சேர்த்த பழக்கம் நமக்கெல்லாம் தெரியும். அந்தக் கூட்டையே 1971 சட்டம் தடை செய்திருக்கிறது, அது வேறு கதை. சங்கிலியில் பிரச்சினை செய்கூலிதான். 20 கிராம் சங்கிலிக்கு கிராமுக்கு 30 ரிங்கிட் கூலி என்று வைத்துக்கொள்ளுங்கள், 600 ரிங்கிட் போயே போச்சு. விற்கும்போது அது திரும்பாது. கொக்கியில் 916 என்று முத்திரை இருந்தால் நூற்றுக்கு 91.6 பங்குதான் தங்கம். கழுத்தில் போட ஆசையாக வாங்குங்கள், ஓய்வுக்கால சேமிப்பு என்று எண்ணி வாங்காதீர்கள்.

சேமிப்புக்கு நாணயமும் சின்னக் கட்டியும் நல்லது. நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2001இல் வெளியிட்ட கிஜாங் எமாஸ் தங்க நாணயத்தில் ஒரு பக்கம் மான், மறுபக்கம் செம்பருத்தி. ஒரு அவுன்ஸ், அரை, கால் என்று மூன்று அளவு. விற்கும் விலை, திரும்ப வாங்கும் விலை இரண்டையும் பேங்க் நெகாராவே இணையத்தில் போடுகிறது. எந்தக் கடைக்குப் போனாலும் அந்த இரண்டையும் கேளுங்கள்: "இன்றைக்கு எனக்கு என்ன விலைக்குக் கொடுப்பீர்கள், இன்றைக்கே நான் திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு தருவீர்கள்?" இரண்டாவது விலையைச் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். ஒரே பெரிய கட்டியாக வாங்காதீர்கள். ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் அதில் பாதியை வெட்டி விற்க முடியாது.

சந்தை விலையை விட அதிகம் கொடுத்தால் தங்கமும் தந்து மாதாமாதம் பணமும் தருகிறோம் என்று யாராவது வந்தால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். அப்படி நடத்திய ஜென்னிவா நிறுவனத்தை 2012இல் அதிகாரிகள் சோதனையிட்டது பலருக்கு ஞாபகம் இருக்கும்.

அவசரத்துக்கு அடகு வைப்பீர்கள், தெரியும். அடகுக் கடையில் மாதம் 2 விழுக்காடு வரை வட்டி. 1,000 ரிங்கிட்டுக்கு ஆறு மாதத்தில் 120 ரிங்கிட்.

ஒன்று மறந்துவிடாதீர்கள். இபிஎஃப்பில் வாரிசு பெயர் எழுதி வைக்கலாம். பீரோவில் இருக்கிற நாணயத்துக்கு அப்படி எதுவும் இல்லை. எடை, வாங்கிய தேதி, ரசீது எல்லாவற்றையும் ஒரு நோட்டில் வைத்து, நம்பிக்கையான பிள்ளையிடம் இடத்தைச் சொல்லிவிடுங்கள். இபிஎஃப் வாரிசுப் பாரத்தை நிரப்புவதை அடுத்த வீடியோவில் காட்டுகிறேன்.