செக்குக்கு முன்னால் ஒரு பங்குப் பத்திரம்

(கடலூர் முதுநகரில் வணிகர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, கடையைச் சீக்கிரம் கட்டிவிட்டு வந்திருக்கும் வணிக நண்பர்களே, தாய்மார்களே, வணக்கம்.

நம் தேவனாம்பட்டினத்துக் கோட்டையிலிருந்து தொடங்குகிறேன். 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி அதை மராத்தியரிடம் விலைக்கு வாங்கியது. எல்லையை எப்படிக் குறித்தார்கள் தெரியுமா? பீரங்கியைச் சுட்டார்கள். குண்டு போய் விழுந்த இடம் வரைக்கும் கம்பெனி நிலம். குண்டு கிராமங்கள் என்று அவற்றுக்குப் பெயர். வந்தவர்கள் துணி வாங்கி விற்கிற வியாபாரிகள்தான். கணக்குப் புத்தகத்தோடு வந்து நாட்டையே எழுதிக்கொண்டார்கள்.

வியாபாரத்தில் போனதை வியாபாரத்திலேயே மீட்கலாம் என்று துணிந்த ஒருவரைப் பற்றித்தான் பேச வந்தேன். வ.உ.சி.

அவர் பெயரைச் சொன்னால் நம் பிள்ளைகள் உடனே, சிறையில் அவர் இழுத்த செக்கு என்கிறார்கள். மாறுவேடப் போட்டியிலும் செக்குதான். எனக்கு அதில் நெடுநாள் மனக்குறை. செக்கு, வெள்ளைக்காரன் அவருக்குக் கொடுத்தது. அவர் நமக்குக் கொடுத்தது ஒரு கம்பெனி.

1906 அக்டோபர் 16இல் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தலைவர், மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்ற வணிகர் ஒருவரே 8,000 பங்குகள் எடுத்தார். இரண்டு லட்சம் ரூபாய்! மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு. ஆசியாக்காரர்கள் மட்டுமே பங்கு வாங்கலாம் என்று விதி வைத்தார்கள். அந்த ஒரு விதியைப் படித்தாலே போதும், இது வெறும் லாபக் கணக்கு இல்லை என்று விளங்கிவிடும். ஜமீன்தார், வக்கீல், மரைக்காயர், செட்டியார் எல்லோரும் ஒரே பேரேட்டில் பெயர் எழுதிக்கொண்ட இயக்கம் அது.

முதலில் கப்பலை வாடகைக்குத்தான் எடுத்தார்கள். அந்தக் கடலில் கப்பல் ஓட்டிக்கொண்டிருந்த வெள்ளைக்காரர்களின் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி மிரட்டி அதை நிறுத்தியது. சரி, சொந்தக் கப்பலே வாங்குவோம் என்று வ.உ.சி. பம்பாய்க்குப் போனார். காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன. கொழும்புக்கு ஓடின.

அப்புறம்தான் கட்டணப் போர். வெள்ளைக்காரக் கம்பெனி ஆளுக்கு ஒரு ரூபாய் என்று இறக்கியது. சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது. அவர்கள் இலவசமாகவே ஏற்றிக்கொள்கிறோம், கையில் ஒரு குடையும் தருகிறோம் என்று கூவினார்கள். கல்லாவில் உட்காருகிற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எதிர்க்கடைக்காரர் மூட்டைக்குப் பத்து ரூபாய் குறைத்தாலே நமக்கு ராத்தூக்கம் போய்விடுகிறது. அவர்களுக்குப் பின்னால் ஒரு சாம்ராஜ்யமே நின்றது. இவர்களுக்கு 25 ரூபாய் போட்டவர்களின் நம்பிக்கை மட்டும்தான். அந்த நிலையிலும் கொழும்புக்குக் கப்பல் ஓட்டினார்களே, அந்தத் துணிச்சலுக்குத்தான் நான் கைகூப்புகிறேன்.

1908 மார்ச்சில் வ.உ.சி.யைக் கைது செய்தார்கள். குற்றம் ராஜத்துரோகப் பேச்சு. இரண்டு ஆயுள் தண்டனை, மொத்தம் 40 ஆண்டு என்றார் நீதிபதி பின்ஹே. கூலிக்காரர்களைத் தூத்துக்குடி கோரல் நூல் மில் வேலைநிறுத்தத்தில் ஒன்றுசேர்த்தவர், வியாபாரிகளைக் கம்பெனியில் ஒன்றுசேர்த்தவர், இரண்டையும் ஒரே ஆள் செய்தார் என்பதுதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை என்று நான் நினைக்கிறேன். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. ஆனால் அவர் உள்ளே இருந்தபோதே கம்பெனி நொடித்தது. 1911இல் கலைத்துவிட்டார்கள். கப்பல் போட்டிக் கம்பெனியின் கைக்கே போனது. இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. குடைக்குத் தோற்கவில்லை அந்தக் கம்பெனி. தூக்கி நிறுத்தியவர் இல்லாமல் மற்றவர்கள் மனம் விட்டதில் தோற்றது.

அந்தக் கம்பெனிக்காக எழுதிய பாரதியும் அதே 1908இல் பக்கத்துப் புதுச்சேரிக்குப் போய்விட்டார். பத்து ஆண்டு கழித்து எல்லை தாண்டியதும் பிடித்து நம் கடலூர்ச் சிறையில்தான் வைத்தார்கள்.

பின்னால் 1919 ஏப்ரல் 5இல் இந்தியர்களின் கப்பல் நிறுவனமான சிந்தியா கம்பெனியின் ‘லாயல்டி’ கப்பல் பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. அந்த நாளைத்தான் தேசிய கடல்சார் தினமாகக் கொண்டாடுகிறோம். கொண்டாடட்டும், தகுதியானதுதான். ஆனால் பன்னிரண்டு ஆண்டுக்கு முன்னாலேயே கப்பல் விட்டவரையும் அன்றைக்கு இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும்.

1912 டிசம்பரில் விடுதலையானபோது அவரிடம் வக்கீல் தொழில் செய்யும் உரிமமான சன்னது இல்லை, கம்பெனி இல்லை. சென்னையில் மளிகையும் மண்ணெண்ணெயும் விற்றுப் பிழைத்தார். கப்பல் ஓட்டியவர் தராசு பிடித்தார். அவரும் நம்மைப் போல ஒரு கடைக்காரர்தான், ஐயா.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். முதுநகரில் மூன்று நான்கு தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் குடும்பங்கள் இங்கே இருக்கிறீர்கள். பரணில் தகரப் பெட்டி இருந்தால் இறக்கிப் பாருங்கள். 1906 முதல் 1911 வரையிலான பேரேட்டில் ‘கப்பல் பங்கு’ என்று ஒரு வரி இருக்கலாம். இருந்தால், எடைக்குப் போட்டுவிடாமல் என்னிடம் சொல்லுங்கள். ராத்திரி எந்நேரமானாலும் வந்து பார்க்கிறேன்.