வாஷர் கிடைத்துவிட்டது! அப்புறம் குன்னூர் வளைகாப்பில் நடந்தது

மக்களே, வணக்கம். முதலில் இதைப் பாருங்கள். கேமரா பக்கத்தில் கொண்டு வருகிறேன், வெளியே மிஸ்ட் இறங்கிவிட்டதால் வெளிச்சம் கம்மி. இந்தக் கறுப்பு ரப்பர் வளையம் தெரிகிறதா? ஐந்து ரூபாய் வாஷர். இது கிடைத்த சந்தோஷத்தில்தான் இன்றைக்கு வீடியோவே போடுகிறேன். குன்னூரில் ஒரு வளைகாப்புக்குப் போனோம், அங்கே நடந்ததையும் சொல்ல வேண்டும், ஆனால் முதலில் வாஷர்.

உடம்பு வலிக்கு ஒத்தடம் வைக்கிற என் சிவப்பு வெந்நீர்ப் பையை உங்களுக்கு நன்றாகத் தெரியும், எந்த வீடியோவை எடுத்தாலும் என் முதுகுக்குப் பின்னால் இருக்கும். அதன் மூடியில் இருந்த வாஷர் காய்ந்து வெடித்து, போன வாரம் ராத்திரியில் கசிய ஆரம்பித்து, மெத்தை பாதி நனைந்துவிட்டது. கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன், ஜூலையில் கொட்டும்; கோத்தகிரி, குன்னூர்க்காரர்களுக்கு ஐப்பசி, கார்த்திகைதான் அடைமழை. இந்த மாதத்தில் இங்கே மெத்தை நனைந்தால் காய்வதற்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். அதுவும் இலவம்பஞ்சு மெத்தை, கல்யாணத்துக்கு அம்மா வீட்டில் கொடுத்தது, எனக்கு உயிர்.

சரி, மார்க்கெட்டுக்குப் போனேன். மெடிக்கலில் கேட்டால், ‘வாஷர் தனியா வராதுங்க, பையே புதுசா எடுத்துக்குங்க’ என்றார்கள். 380 ரூபாய்! பை நன்றாக இருக்கிறது, ரப்பரில் ஒரு கீறல் கிடையாது, ஒரு வளையத்துக்காக முழுப் பையையும் தூக்கிப் போடச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்னொரு மெடிக்கலிலும் அதே பதில். பாத்திரக்கடையில் குக்கர் சாமான் டப்பாவைத் துழாவிப் பார்த்தார்கள், எதுவும் பொருந்தவில்லை. கடைசியில் கோத்தகிரி ஜான்ஸ்டோன் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடை. மூடியை நான் கையோடு எடுத்துப் போயிருந்தேன். அந்த அண்ணன் குழாய் வாஷர் டப்பாவையே மேஜையில் கவிழ்த்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, கொஞ்சம் பெரிதாக இருந்த ஒன்றை உப்புத்தாளில் தேய்த்து உட்கார வைத்துக் கொடுத்தார். இப்படிப்பட்ட கடைக்காரர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

வீட்டுக்கு வந்ததும் பச்சைத் தண்ணீர் ஊற்றி, பையின் அடியில் இருக்கும் ஓட்டையில் கயிறு கோத்து, கொடியில் தலைகீழாகத் தொங்கவிட்டு, கீழே பழைய பேப்பர் விரித்து வைத்தேன். மறுநாள் காலையில் பேப்பரில் ஒரு சொட்டு இல்லை! நீங்களும் செய்வதாக இருந்தால் இப்படிச் சோதித்துப் பார்க்காமல் சுடுதண்ணீர் ஊற்றாதீர்கள். தளதளவென்று கொதிக்கிற தண்ணீரும் வேண்டாம், மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பவும் வேண்டாம், காற்றைத் தள்ளிவிட்டு மூடி, துணி சுற்றித்தான் உடம்பில் வைக்க வேண்டும். ரப்பரிலேயே வெடிப்பு விட்டிருந்தால் வாஷர் தேடி அலையாதீர்கள், அந்தப் பையைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

கரண்டில் சூடாகிற பேட் வாங்கு என்று நிறைய பேர் எழுதுகிறீர்கள். வாங்கினேன், பீரோ மேலே கிடக்கிறது. 1,200 ரூபாய். ஒயர் கட்டில் வரைக்கும் எட்டாது, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டும், நன்றாகத் தூக்கம் வருகிற நேரத்தில் தானாக ஆஃப் ஆகிவிடும். அது பாதுகாப்புக்குத்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மழை பிடித்தால் எங்கள் லைனில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. எனக்கு அந்தப் பேட் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது வளைகாப்பு. புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வரி: எனக்கு ஃபைப்ரோமயால்ஜியா. உடம்பு முழுக்க வலி, தூங்கி எழுந்தாலும் தூங்கின மாதிரி இருக்காது, காலையில் விரல் மடங்காது, பேசிக்கொண்டே இருக்கும்போது என்ன சொல்ல வந்தேன் என்பது மறந்துபோகும். வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

அன்றைக்கு நான் மாம்பழக் கலர் பட்டு கட்டியிருந்தேன். மடிப்பு எடுத்து விட்டது பாப்பா. பின்னல் போட கையைத் தூக்க முடியாததால் தலையைச் சும்மா சுருட்டிக் கொண்டை போட்டு, மேலே பூ வைத்து மறைத்திருந்தேன். உள்ளே நுழைந்ததும் எங்கள் வீட்டுக்காரரின் பெரியம்மா, ‘வலி வலின்னு சொன்னாங்க, பாத்தா மகாலட்சுமியாட்டம் இருக்க! உனக்கு எங்கடி வலி, காட்டு பாப்போம்’ என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்கள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பெரியம்மா கெட்டவர்கள் இல்லை, என் கல்யாணத்துக்கு முன்னின்று வேலை செய்தவர்கள். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. அந்த ஒரு நாள் புடவை கட்டி நிற்பதற்காக முந்தின இரண்டு நாளும் எந்த வேலையையும் இழுத்துப் போட்டுக்கொள்ளாமல் இருந்தேன், மறுநாள் படுத்த படுக்கை. அந்த இரண்டையும் பார்க்காதவர்கள்தான் ‘நல்லாத்தானே இருக்க’ என்று சொல்வார்கள். இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு ஆகாது.

‘எங்கே வலி, காட்டு’ என்று கேட்பதில் ஒரு விஷயம் இருக்கிறது. முன்பு டாக்டர்களே அப்படித்தான் பார்த்தார்கள். 1990இல் மூட்டு, தசை நோய் டாக்டர்களின் அமைப்பான அமெரிக்க ருமட்டாலஜி கல்லூரி வகுத்த அளவுகோலில் உடம்பில் 18 இடங்களை அழுத்திப் பார்த்து, 11 இடத்திலாவது வலிக்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். 2010இல் அதை மாற்றி, வலி எங்கெல்லாம் பரவியிருக்கிறது, தூக்கம் எப்படி, சோர்வு எவ்வளவு, ஞாபகம் எப்படி என்று நோயாளியிடம் கேட்டு மதிப்பெண் போடும் முறையைக் கொண்டுவந்தார்கள். 2020இல் வலிக்கான சர்வதேச ஆய்வுச் சங்கம் வலி என்றால் என்ன என்பதற்கான விளக்கத்தையே திருத்தி எழுதியபோது, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்றும் சேர்த்தார்கள். எனக்கு அந்த வரியைப் பிரேம் போட்டு ஹாலில் மாட்ட வேண்டும் போல இருக்கிறது.

அப்புறம் என்ன ஆச்சு என்றால், வளையல் போடுகிற நேரம் வந்தது. வரிசையாக எல்லாரும் நலங்கு வைத்து வளையல் போடுகிறார்கள், என் முறை. கண்ணாடி வளையல், அந்தப் பெண்ணுக்குக் கை கொஞ்சம் வீங்கியிருக்கிறது, அழுத்திப் பிடித்து ஏற்ற வேண்டும். என் கட்டைவிரல் வளையவே இல்லை. பச்சை வளையல் அவள் விரல் முட்டியிலேயே நிற்கிறது, நான் தள்ளுகிறேன், போகவில்லை, உடைந்தால் அபசகுனம் என்பார்களே என்று எனக்கு வியர்க்கிறது. அப்போது பின்னாலிருந்து எங்கள் அத்தை, என் மாமியார், கையை நீட்டி, என் விரலுக்கு மேலேயே தன் விரலை வைத்து, ஒரு திருகு திருகி ஏற்றிவிட்டார்கள். ஏற்றிவிட்டு பெரியம்மாவைப் பார்த்து, ‘இவளுக்குக் காலைல விரலு மடங்காதுக்கா. டாக்டரே சொல்லிட்டாரு. நீ வா, பந்தி போட்டாச்சு’ என்றார்கள்.

எங்கள் அத்தை! பழைய வீடியோக்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும் நான் ஏன் இதை இப்படிச் சொல்கிறேன் என்று. இதே அத்தைக்கு முட்டி மாற்று ஆபரேஷன் நடந்தபோது எக்ஸ்ரேயில் தேய்மானம் பளிச்சென்று தெரிந்தது, தழும்பு இருக்கிறது, வாக்கர் இருந்தது, பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்த ஆப்பிளும் ஹார்லிக்ஸும் ஷெல்ஃபில் இடமில்லாமல் நின்றன. அத்தைக்கு வலி இருந்தது உண்மை, அவர்களைப் பார்த்துக்கொண்டதும் நான்தான். ஆனால் அதே வீட்டில் எனக்கு எடுத்த ரிப்போர்ட் எல்லாம் நார்மல். உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று பார்க்கிற ஈஎஸ்ஆர், சிஆர்பி ரத்த டெஸ்ட்கள், தைராய்டு, வாத டெஸ்ட், எக்ஸ்ரே, எல்லாம். மற்ற நோய் எதுவும் இல்லை என்று உறுதிசெய்யத்தான் அந்த டெஸ்ட்கள், இந்த நோயை எந்த ரத்த டெஸ்ட்டும் காட்டாது. வீட்டிலோ ‘நார்மல்னு வந்திருச்சே, சாமி புண்ணியம், அப்புறம் என்ன’ என்று பைலை மூடி பீரோவில் வைத்துவிட்டார்கள். நார்மல் என்ற சொல்லைக் கேட்டு நான் அழுதது அவர்களுக்குப் புரியவே இல்லை.

புரிய வைத்தது கோயம்புத்தூர் டாக்டர்தான். போன தடவை மேட்டுப்பாளையம் ரோட்டில் மரம் விழுந்ததால் அத்தையைத் தனியாக வீட்டில் விட முடியாமல் கூடவே அழைத்துப் போனேன். இல்லை, மரம் விழுந்தது அதற்கு முந்தின தடவை. போன தடவை எங்கள் வீட்டுக்காரருக்கு பாக்டரியில் நைட் ஷிஃப்ட், அதனால்தான். அத்தையும் டாக்டர் ரூமுக்குள் வந்தார்கள். மூட்டில் கோளாறு இல்லை, வலியை உணருகிற நரம்பும் மூளையும் தேவைக்கு மேல் உஷாராகிவிட்டன என்று டாக்டர் சொன்னார். அத்தைக்குப் பாதிதான் பிடிபட்டது. பஸ்ஸில் வரும்போது நான் சொன்னேன்: சிறுத்தை வந்தால் குரைக்க வேண்டிய நாய், சருகு அசைந்தாலும் குரைக்கிறது, ராத்திரி முழுக்கக் குரைக்கிறது, யாரும் தூங்க முடியாது. உடனே அத்தை, ‘அப்ப நாயி பொய் சொல்லல’ என்றார்கள். நூறு பேரில் இரண்டு முதல் நான்கு பேருக்கு இது இருக்கிறது என்று டாக்டர் சொன்னது அத்தைக்கு அதைவிட ஆச்சரியம், அன்றிலிருந்து ஊரில் யார் யாருக்கு இருக்கும் என்று கணக்குப் போடுகிறார்கள்.

கிளிப்பைச் சொல்ல மறந்துவிட்டேன் பாருங்கள். சமையலறை தினசரி காலண்டரில் நான் துணி கிளிப் மாட்டுவது பற்றி வீடியோ போட்டேனே, பச்சை என்றால் பரவாயில்லை, மஞ்சள் என்றால் பாதி வேலை, சிவப்பு என்றால் என்னை விட்டுவிடுங்கள். அது எங்கள் வீட்டில் பலித்ததற்குக் காரணம் இடம்தான். ராகு காலம், எமகண்டம் பார்க்காமல் அத்தை அடுப்பே பற்ற வைக்க மாட்டார்கள். காலண்டரைப் பார்த்தால் கிளிப்பையும் பார்த்துத்தான் ஆக வேண்டும். நான் வாயைத் திறந்து ‘இன்னைக்கு முடியல’ என்று சொல்ல வேண்டியதில்லை. தினமும் சொல்வதுதான் வலியைவிடக் கொடுமை, சொல்கிற எனக்கே அலுத்துவிடும், கேட்கிறவர்களுக்குக் கேட்கவே வேண்டாம்.

எங்கள் வீட்டுக்காரர் மேல் எனக்கு இன்னும் ஒரு மனஸ்தாபம் பாக்கி. அவர் நம்புகிறார், ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. ஆனால் எதற்கெடுத்தாலும் ‘ரெஸ்ட் எடு’. ரெஸ்ட் மட்டும் எடுத்தால் இது இன்னும் கூடும்! 2016இல் ஐரோப்பிய ருமட்டாலஜி அமைப்பு மருந்து, மருந்தில்லாத சிகிச்சை எல்லாவற்றையும் அலசிப் பார்த்து, அழுத்தமாகப் பரிந்துரைத்த ஒரே ஒன்று உடற்பயிற்சி. மெதுவாக ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். நல்ல நாளில் எல்லாத் துணியையும் துவைத்துத் தள்ளிவிட்டு அடுத்த மூன்று நாள் படுத்துக் கிடக்கக் கூடாது. மாத்திரையும் நான் சாப்பிடுகிறேன், பெயரைக் கேட்காதீர்கள், ஒருவருக்கு ஒத்துக்கொள்வது இன்னொருவருக்குத் தலைசுற்றும், டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். ஆகவே எனக்கு வேண்டியது சாயங்காலம் நடக்க ஒரு அரை மணி நேரம். அந்த நேரத்தில் அடுப்பைப் பார்க்க ஒரு ஆள். ‘ரெஸ்ட் எடு’ என்று சொல்லிவிட்டு ராத்திரிக்கு என்ன குழம்பு என்று கேட்டால் நான் எங்கே போய் ரெஸ்ட் எடுப்பது? இதை அவரிடம் நேராகவே சொல்லிவிட்டேன், இந்த வாரம் மூன்று நாள் அவர்தான் சமையல். பூண்டு உரிக்கத் தெரியாமல் தோலோடு போட்ட ரசம்கூட எனக்கு அமிர்தமாக இருந்தது.

ஊனமுற்றோர் அட்டை வாங்கலாமே என்று ஒரு தங்கை எழுதியிருந்தார். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகை ஊனங்களைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள், அதில் இந்த நோயின் பெயர் இல்லை. பஸ்ஸில் ஒரு சீட் கேட்பதற்குக்கூடக் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை, கொண்டைஊசி வளைவுகளில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு வந்தால் தோள்பட்டை ஒரு வாரத்துக்கு என்னுடையதாக இருக்காது. வயசுப் பொண்ணு உட்கார்ந்திருக்கிறாளே என்று முறைக்கிறவர்களுக்கு நான் இப்போது பதிலே சொல்வதில்லை, உட்கார்ந்தே வருகிறேன்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். டாக்டரைப் பார்க்கப் போகும்போது வீட்டில் யாரை ரூமுக்குள் கூட்டிப் போனீர்கள், போய் வந்த பிறகு வீட்டில் எந்த வேலை கை மாறியது? புத்திமதி எல்லாம் வேண்டாம், எந்த வேலை என்று மட்டும் எழுதுங்கள், தண்ணீர்க் குடமோ, மாவு அரைப்பதோ, எதுவானாலும். அத்தைக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

சரி, மணி நாலே முக்கால். இருட்டினால் தேயிலைக்குள் காட்டுமாடு இறங்கிவிடும், அதற்குள் நான் நடந்துவிட்டு வர வேண்டும். இன்றைக்குக் கிளிப் மஞ்சள், குழம்பு அவர் பொறுப்பு. வரட்டுமா.