ரேடியோ நெல்லும் கடைமடைக் கேள்வியும்

நேயர்களுக்கு வணக்கம். வட்டாரச் செய்தியாளரின் வேலையைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். ஒரு நெல்லிலிருந்து தொடங்குகிறேன்.

1960களின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏ.டி.டி. 27 என்ற குறுவை ரகம் வந்தது. ஜப்பானின் நோரின் 10, கோயம்புத்தூர் தந்த ஜி.இ.பி. 24 என்ற இரண்டு ரகங்களையும் கலந்து உருவாக்கிய நெல். ஏறக்குறைய 105 நாளில் அறுத்துவிடலாம். ஆனால் தஞ்சாவூர்க் குடியானவர்கள் வாயில் அந்தப் பெயர் நிற்கவில்லை. 'ரேடியோ நெல்' என்றுதான் சொன்னார்கள். திருச்சி வானொலியில் 1966-ல் தொடங்கிய, விவசாயிகளுக்கான பண்ணை இல்ல ஒலிபரப்பு வழியாக அது அவர்கள் காதுக்கு வந்தது. அதனால் அந்தப் பெயர்.

ஒரு விதைக்கு ஒலிபரப்பின் பெயரே ஒட்டிக்கொண்டதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது. ஸ்டுடியோவில் உட்கார்ந்து துண்டறிக்கையை மட்டும் வாசித்திருந்தால் இது நடந்திருக்காது. ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு வரப்பில் இறங்கியவர்களால் நடந்தது. பக்கத்து ஊர்க்காரர் தன் பேச்சிலேயே விளைச்சலைச் சொன்னால் அதற்கு வரும் நம்பிக்கையே தனி.

இன்று பாம்பனில் கடலோசை சமூக வானொலி மீனவர்களுக்கு அவர்கள் பேச்சிலேயே பேசுகிறது. 2016-ல் தொடங்கிய நிலையம். சமூக வானொலிகள் வானிலை, குடிநீர், மின்சாரம், பேரிடர் அறிவிப்புகளைச் சொல்லலாம். சொந்தமாகச் செய்தி சேகரித்து ஒலிபரப்ப நம் நாட்டில் அனுமதி இல்லை. ஊருக்கு மிக நெருக்கமான மைக்குக்கு ஊர்ச் செய்தி சொல்ல உரிமை இல்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

சரி, என் கதைக்கு வருகிறேன். காவிரி டெல்டாவில் சில வருடங்கள் ஒரு வானொலி நிலையத்துக்குப் பகுதிநேரச் செய்தியாளராக இருந்தேன். வயல்வெளியில் காற்று மைக்கில் மோதினால் பதிவு முழுக்க 'புர்ர்' என்று கேட்கும். துண்டை மைக்கில் சுற்றிக்கொள்வேன். வாய்க்கு ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். முகத்துக்கு நேராக நீட்டினால் பேசுகிறவர் மிரண்டு மேடைத் தமிழுக்குப் போய்விடுவார்.

வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை கிராமம் ஒன்றில் ஓர் அம்மாவைப் பேச வைத்தேன். நாற்றங்கால் தயார் செய்வதை அழகாகச் சொன்னார். முடிக்கும்போது, "ஏன் தம்பி, மேட்டூர்ல தண்ணி தொறந்தாச்சுன்னு ரேடியோல சொல்றீங்க. எங்க வாய்க்காலுக்கு எப்ப வரும்? அதச் சொல்லுங்க" என்று கேட்டார். ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறப்பு எல்லாருக்கும் செய்தி. அவருக்கு அவருடைய மதகில் தண்ணீர் தெரிகிற நாள்தான் செய்தி.

ஒலிபரப்பில் எனக்குக் கிடைத்தது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. நாற்றங்கால் வந்தது, கேள்வி வெட்டுப்பட்டது. நானும் அப்போது எதுவும் சொல்லவில்லை. அடுத்த முறை போனபோது அந்த அம்மா, "நான் பேசினதப் போட்டீங்க, கேட்டதப் போடலையே" என்றார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்றைக்கே பாசனப் பொறியாளரைத் தேடிப் போய், அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினேன். முழுக்கக் கேட்டார். அப்புறம், வாய்க்கால்களுக்கு மாறி மாறித் தண்ணீர் விடும் முறைப்பாசனப் பட்டியலை எடுத்து, அந்த வாய்க்காலுக்கு என்றைக்கு முறை என்று மைக்கிலேயே சொன்னார். அது ஒலிபரப்பானது. ஊரில் நாள் குறித்து வைத்துக்கொண்டார்கள்.

சொன்ன நாளுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தண்ணீர் வந்தது. அந்தத் தாமதத்தையும் செய்தியாகக் கொடுத்தேன். இந்தத் தடவை முதலில் ஒலித்தது அந்த அம்மாவின் கேள்வி. வெட்டாமல், அவர் குரலிலேயே.