யார் பெயரில் கேட் திறந்தது?

நேயர்களுக்கு வணக்கம். கொழிஞ்சாம்பாறையில் வீட்டு மாடியில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவன் நான். எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுக்கா. பஸ்ஸின் பலகையில் மலையாளம், பஸ்ஸுக்குள் பேச்சு தமிழ். வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டம்.

போன ஓணம் லீவுக்கு என் அக்கா மகன் வீட்டுக்கு வந்திருந்தான். இன்ஜினியரிங் கடைசி வருடம். லேப்டாப் சார்ஜரை ஹாஸ்டலிலேயே விட்டுவிட்டு வந்ததால் என் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தான். அவனுடைய புராஜெக்ட் கிட்ஹப்பில் இருக்கிறது. புரோகிராம்களைச் சேமித்து வைக்கிற இணையதளம் அது. அங்கே ஒரு புராஜெக்ட் குடியிருக்கும் இடத்துக்கு ரெப்போ என்று பெயர். அதை இறக்கிக்கொண்டு வேலையைத் தொடரலாம் என்பது அவன் எண்ணம். பத்து நிமிடத்தில் கீழே ஓடி வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"மாமா, புராஜெக்ட்டையே காணோம். அப்படி ஒரு ரெப்போவே இல்லைங்குது."

"போன்ல பார்த்தியா?"

பார்த்தான். போனில் இருக்கிறது. கம்ப்யூட்டரில் இல்லை. ஒரே முகவரி, ஒரு எழுத்து கூடப் பிசகவில்லை. சரி, விஷயம் என்ன?

கிட்ஹப்பின் வாசலில் போய் நின்றதும் "யார் நீ?" என்று அது கேட்கும். அந்தக் கேள்வி என் மருமகன் காதில் விழவே இல்லை. அவனைக் கேட்காமலேயே என் கம்ப்யூட்டர் முந்திக்கொண்டு என் பெயரையும் என் சாவியையும் நீட்டிவிட்டது. அவனுடைய ரெப்போவோ பிரைவேட். அனுமதியில்லாத ஆள் வந்தால் "உனக்கு அனுமதி இல்லை" என்று கிட்ஹப் சொல்லாது. அப்படிச் சொன்னால், உள்ளே ஏதோ இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே. அதனால் "அப்படி ஒரு வீடே இந்தத் தெருவில் இல்லை" என்று சொல்லிவிடும். இது தெரியாமல் ராத்திரி முழுக்கத் தவித்த பையன்களை எனக்குத் தெரியும்.

"ஆனா நான் என் பேரையும் ஈமெயிலையும் கான்ஃபிக்ல போட்டேனே மாமா" என்றான். இங்கேதான் பாதிப் பேர் வழுக்கி விழுகிறார்கள். கான்ஃபிக் என்கிற அமைப்புக் கோப்பில் எழுதும் பெயர், கடித உறையில் 'அனுப்புநர்' என்று எழுதுகிற பெயர் மாதிரி. யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம், தபால் ஆபீஸில் கேட்க மாட்டார்கள். கமிட்டில், அதாவது செய்த மாற்றங்களைச் சேமிக்கிற பதிவில், அந்தப் பெயர் பதியும், அவ்வளவுதான். வாசலில் கேட்கப்படுவது வேறு. (அவன் அந்தப் பெயரை மொத்தக் கம்ப்யூட்டருக்கும் பொதுவாக மாற்றி வைத்துவிட்டான். அடுத்த ஒரு வாரம் நான் எழுதிக் கொடுத்த வேலையெல்லாம் அவன் பெயரில் போனது. அது தனிக் கதை.)

என் சாவியை நீட்டிய அந்த ஆள் யார்? கிரெடென்ஷியல் ஹெல்ப்பர் என்று பெயர். மாற்றங்களைக் கணக்கு வைத்து, கிட்ஹப்போடு கொடுக்கல் வாங்கல் செய்கிற மென்பொருளுக்குக் கிட் என்று பெயர். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் அதை எழுதினார். இந்த ஹெல்ப்பர் வசதி வந்தது 2012இல், 1.7.9 பதிப்பில். அதற்குத் தெரிந்தது மூன்றே சொற்கள்: கொடு, வை, அழி. சாவி வேலை செய்தால் 'வை'. சாவியே தப்பு என்று எதிர்ப்பக்கம் சொன்னால் 'அழி'. என் மருமகன் விஷயத்தில் சாவி தப்பில்லை, ஆள்தான் தப்பு. அதனால் ஹெல்ப்பர் எதையும் அழிக்கவில்லை. எத்தனை முறை முயன்றாலும் அதே என் சாவியையே விசுவாசமாக நீட்டிக்கொண்டிருந்தது.

இதைச் சரிசெய்வது சுலபம். ரெப்போவின் முகவரியில் கிட்ஹப் என்பதற்கு முன்னால் அவனுடைய பயனர் பெயரையும் ஒரு 'அட்' குறியையும் சேர்த்தோம். இப்போது ஹெல்ப்பர் அந்தப் பெயருக்கு உரிய சாவியைத் தேடும். இல்லை என்றால் புதிதாகக் கேட்கும். கேட்டது, அவன் தன் டோக்கனைக் கொடுத்தான், ரெப்போ வந்தது. முகவரியில் பெயரை மட்டும்தான் போட வேண்டும். பெயருக்குப் பின்னால் டோக்கனையும் ஒட்ட வைக்கிற பழக்கம் ஒன்று இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

டோக்கன் என்றால் நம் ஊரில் ஆஸ்பத்திரி ஓ.பி. வரிசைதான் ஞாபகம் வரும். இது வேறு. 2021 ஆகஸ்ட் 13 முதல் கிட் வேலைகளுக்குக் கணக்கின் பாஸ்வேர்டைக் கிட்ஹப் ஏற்பதில்லை. அதற்குப் பதிலாக டோக்கன். வாளையாறு வழியாக லாரி ஓட்டியவர்களுக்கு நான் இதை விளக்கவே வேண்டாம். பாஸ்வேர்ட் என்பது வீட்டுச் சாவிக்கொத்து. டோக்கன் என்பது இ-வே பில். எந்த வண்டி, என்ன சரக்கு, எங்கிருந்து எங்கே என்று அதில் இருக்கும். சாதாரண சரக்கு வண்டிக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கணக்குப் போட்டுத் தருகிறார்கள், நாள் கடந்தால் அது செல்லாத காகிதம். டோக்கனும் அப்படியே. இந்த ஒரு ரெப்போவுக்கு மட்டும், படிக்க மட்டும், 30 நாளைக்கு மட்டும் என்று எழுதி வாங்கலாம். வாங்குகிற நேரத்தில் ஒரே ஒரு தடவைதான் முழுதாகக் கண்ணில் காட்டும்.

ஆனால் நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? எல்லா ரெப்போவுக்கும், எல்லா உரிமையோடும், காலாவதி இல்லாமல் ஒரு டோக்கனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அது இ-வே பில் இல்லை, மறுபடியும் சாவிக்கொத்துதான். நானும் அப்படி வைத்திருந்தவன்தான்.

அப்புறம், ஹெல்ப்பர் இந்த டோக்கனை எங்கே வைக்கிறது என்பது. விண்டோஸில் கிட்டை நிறுவும்போதே கிட் கிரெடென்ஷியல் மேனேஜரும் சேர்ந்து வரும். கன்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜர் என்ற இடத்தைத் திறந்தால் 'கிட்' என்று தொடங்கும் வரிகள் தெரியும். மேக்கில் கீசெயின். இவை பூட்டிய அலமாரிகள். லினக்ஸில்தான் கொஞ்சம் கவனம் வேண்டும். 'கேஷ்' என்றொரு ஹெல்ப்பர் இருக்கிறது. அது நினைவகத்தில் மட்டும் வைத்திருந்து, நாம் மாற்றாத வரை 900 வினாடியில், அதாவது கால் மணி நேரத்தில், மறந்துவிடும். 'ஸ்டோர்' என்று இன்னொன்று. இணையத்தில் தேடினால் பலரும் முதலில் சொல்லிக் கொடுப்பது இதைத்தான், ஏனென்றால் ஒரே வரியில் தொல்லை தீர்ந்துவிடும். அது டோக்கனைச் சாதாரண எழுத்தில், ஒரு சின்னக் கோப்பில் எழுதி வைக்கும். மற்ற பயனர்கள் படிக்க முடியாதபடி கோப்புக்கு அனுமதி போட்டிருக்கும், உண்மைதான். ஆனால் கம்ப்யூட்டரை விற்றால்? டிஸ்க்கை அப்படியே நகல் எடுத்தால்? புள்ளியில் தொடங்கும் பெயர் என்பதால் கண்ணுக்கும் தெரியாது.

அதைவிட மோசம், சற்றுமுன் சொன்னேனே, முகவரிக்குள்ளேயே டோக்கனை ஒட்ட வைப்பது. அந்த முகவரி புராஜெக்ட் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் 'கிட்' ஃபோல்டரின் கான்ஃபிக் கோப்பில் பச்சையாகப் பதிந்துவிடும். ஒரு தடவை ஒரு கம்பெனியில் வேலை முடித்தவர் மொத்த ஃபோல்டரையும் பென் டிரைவில் போட்டு என்னிடம் கொடுத்தார். திறந்து பார்த்தால் அவருடைய டோக்கன், உயிரோடு. நான் நல்லவனாக இருந்தது அவர் அதிர்ஷ்டம். போன் செய்து சொன்னேன். "அது என்ன டோக்கன்?" என்று கேட்டார்.

புரோகிராமுக்குள்ளேயே சாவியை எழுதி வைப்பது எவ்வளவு பெரிய கம்பெனியையும் கவிழ்க்கும். 2016இல் ஊபர் இன்ஜினியர்களின் பிரைவேட் கிட்ஹப் ரெப்போவுக்குள் நுழைந்தவர்கள், அங்கே கிடந்த அமேசான் கிளவுட் சாவியை எடுத்து, 5 கோடியே 70 லட்சம் பேரின் விவரங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். வெளியே தெரிந்தது 2017 நவம்பரில். பிரைவேட் ரெப்போதானே என்று யாரும் தெம்பாக இருக்க வேண்டாம். தவறிப் போய் டோக்கனோடு கமிட் செய்துவிட்டால், அடுத்த கமிட்டில் அந்த வரியை நீக்கினால் போதும் என்று நினைக்கிறார்கள். கிட் எதையும் மறக்காது, பழைய கமிட்டில் அது அப்படியே கிடக்கும். முதல் வேலை, தளத்துக்குப் போய் அந்த டோக்கனை ரத்து செய்வது. துடைப்பதெல்லாம் பிறகு. பொது ரெப்போவில் தன்னுடைய டோக்கனைக் கண்டால் கிட்ஹப்பே அதை ரத்து செய்துவிடும். பிரைவேட் ரெப்போவில் அந்த உதவியை எதிர்பார்க்காதீர்கள்.

டோக்கனுக்குப் பதிலாக எஸ்எஸ்ஹெச் சாவி என்று ஒரு வழியும் உண்டு. நான் என் சொந்த வேலைக்கு அதைத்தான் வைத்திருக்கிறேன். ஒரு ஜோடி கோப்புகள் உருவாகும். 'பப்' என்று முடிவதைத் தளத்தில் ஏற்றலாம், ஊருக்கே காட்டலாம். மற்றது உங்கள் கம்ப்யூட்டரை விட்டு நகரவே கூடாது. அதற்கு ஒரு ரகசியச் சொற்றொடரும் வையுங்கள். வானொலியில் கட்டளைகளை எழுத்துக் கூட்டிச் சொன்னால் நிலையத்தார் அடுத்த முறை என்னைக் கூப்பிட மாட்டார்கள், அதனால் இதோடு விடுகிறேன்.

மருமகன் கதைக்கு வருகிறேன். லீவு முடிந்து அவன் போய் மூன்று வாரம் கழித்து, தற்செயலாக என் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்தேன். அவனுடைய டோக்கன் அங்கேயே உட்கார்ந்திருந்தது. என் பக்கம் அழித்தேன். அது போதாது, நான் அழித்தது என் கம்ப்யூட்டரில் இருந்த நகலை மட்டும்தான். தளத்திலும் ரத்து செய்யச் சொல்லிப் போன் போட்டேன்.

"எந்த டோக்கன் மாமா? இங்க அஞ்சு இருக்கு."

"பேர் வெச்சிருப்பியே?"

"அஞ்சுக்கும் 'டெஸ்ட்'னு தான் வெச்சிருக்கேன்."

அஞ்சையும் ரத்து செய்யச் சொன்னேன். மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் காலேஜ் லேபிலிருந்து போன் வந்தது. அங்கே நாலு கம்ப்யூட்டர் அவனிடம் டோக்கன் கேட்டுக்கொண்டிருந்தனவாம். அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது, தன் சாவி எத்தனை இடத்தில் கிடந்தது என்று.