ரிசர்வை மடித்தவர் யார்?

நேயர்களுக்கு வணக்கம்.

முதன்முறையாக விமானத்திலிருந்து குதிக்கப்போகிறேன் என்று தென்காசியில் இருக்கும் என் அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது அவர் என்னைத் தடுக்கவில்லை. சில வாரங்களில் அஞ்சலில் ஒரு கறுப்புக் கயிறு வந்தது. ஊர்க் கோயிலில் மந்திரித்து வாங்கிய அந்தக் கயிற்றை மணிக்கட்டில் கட்டிக்கொண்டுதான் தெற்குக் கலிபோர்னியாவில் இருந்த ஒரு பயிற்சித் தளத்துக்குப் போனேன். பயிற்றுநர் அதைப் பார்த்தார், கழற்றச் சொல்லவில்லை. அதன் நுனி எந்தக் கைப்பிடியிலும் சிக்கிவிடக் கூடாது என்று கையுறைக்குள் செருகிவிட்டார். கழுத்துச் சங்கிலியை மட்டும் கழற்றிப் பெட்டியில் வைக்கச் சொன்னார். பிறகு, என் முதுகில் ஏறவிருந்த பையைத் திருப்பி, மூடியைத் தூக்கி, இன்னொரு கயிற்றைக் காட்டினார். அது தையல் நூலைப் போன்ற மெல்லிய சிவப்பு நூல்.

வான்குதிப்பவர் சுமக்கும் பைக்குள் இரண்டு பாராசூட்டுகள் இருக்கும். முதலாவதை நாமே மடித்துக்கொள்ளலாம். நானும் ஒவ்வொரு முறையும் தரையில் மண்டியிட்டு, துணியை மார்போடு அணைத்துக் காற்றை வெளியேற்றி, என் கையால்தான் மடிக்கிறேன். ரிசர்வ் என்று சொல்லப்படும் இரண்டாவதில் அந்த உரிமை எனக்கில்லை. அமெரிக்கச் சட்டப்படி, ரிக்கர் என்ற உரிமம் பெற்ற தொழில்வல்லுநர்தான் அதைப் பிரித்துச் சோதித்து மடிக்க வேண்டும். மடித்து 180 நாள் கடந்துவிட்டால், ஒருமுறைகூட அது திறக்கப்பட்டிருக்காவிட்டாலும், மறுபடியும் அவரிடம் கொடுத்தாக வேண்டும். 2008இன் இறுதிவரை இந்தக் கெடு 120 நாளாகவே இருந்தது. மடித்து முடித்ததும் அவர் ரிசர்வை மூடும் ஊசியைச் சுற்றி அந்தச் சிவப்பு நூலைக் கட்டி, தம் குறி பொறித்த ஈய முத்திரையை அதில் பதித்து, அட்டையில் தேதியிட்டுக் கையெழுத்திடுகிறார். கைப்பிடியை இழுத்தால் அறுந்துபோகும் அளவுக்கே வலுவுள்ள அந்த நூல் யாரையும் காப்பாற்றுவதில்லை. ரிக்கருக்குப் பிறகு உள்ளே யாரும் கைவைக்கவில்லை என்று சாட்சி சொல்வது மட்டுமே அதன் வேலை.

அரசியல், மதம், வான்குதிப்பின் பாதுகாப்பு ஆகிய மூன்றைப் பற்றியும் பேசும்படி இந்த நிலையத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள். குதிக்கத் தெரிந்த ஒருவரிடம் முதலிரண்டையும் கேட்பதில் என்ன நியாயம் என்ற ஐயம் எனக்கே உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன். பன்னிரண்டு ஆண்டுகளில் அறுநூற்றுக்குச் சற்று மேற்பட்ட முறை குதித்ததில், எந்த ஏற்பாட்டைக் கண்டாலும் இதன் ரிசர்வை மடித்தவர் யார் என்று மனத்துக்குள் கேட்டுக்கொள்ளும் பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது என்பதை மட்டும் முதலில் ஒப்புக்கொள்கிறேன்.

மதத்திலிருந்து தொடங்குகிறேன். பாராசூட்டின் பழைய அச்சுப் படங்களுள் புகழ்பெற்ற ஒன்றை வெளியிட்டவர் ஒரு கத்தோலிக்க ஆயர். டல்மேசியாவில் பிறந்த ஃபாவுஸ்டோ வெரான்சியோ, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெனிஸில் அச்சான தம் இயந்திர நூலில், சதுரச் சட்டத்தில் கட்டிய துணியைப் பிடித்துக்கொண்டு கோபுரத்திலிருந்து இறங்கும் மனிதனைக் காட்டினார். அவரே குதித்தார் என்று சொல்லப்படும் கதைக்கு ஆதாரமில்லை. ஆனாலும் விண்ணகத்தைப் பற்றிப் போதித்த ஒருவர், மண்ணில் விழும் உடலுக்கு எவ்வளவு துணி வேண்டும் என்றும் யோசித்தார் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

நான் கடவுள் நம்பிக்கை உள்ளவர்களுள் ஒருவன் என்று உறுதியாகச் சொல்லமாட்டேன். ஆயினும் விமானக் கதவு திறந்து குளிர்காற்று முகத்தில் அறையும்போது உதடு முருகா என்று முணுமுணுக்கிறது. அதில் எனக்கு வெட்கமில்லை. மதத்தின் பெயரால் பேசப்படும் ஒன்றுதான் எனக்கு ஒவ்வாது. ஒருவர் இறந்துவிட்டால் நம் ஊரில் விதி என்கிறார்கள். அமெரிக்கத் தளங்களிலோ, அவர் தமக்குப் பிடித்ததைச் செய்துகொண்டே போய்ச் சேர்ந்தார் என்கிறார்கள். இரண்டும் துக்க வீட்டுக்கு ஏற்ற ஆறுதல் மொழிகள். துக்க வீட்டோடு நின்றால் சரி. எந்த உயரத்தில் குடை திறந்தது, எந்தக் கைப்பிடி முதலில் இழுக்கப்பட்டது, காற்று எப்படி இருந்தது என்று கேட்க வந்தவரின் வாயை அவை அடைத்துவிடும்போது, அடுத்து விழப்போகிறவருக்கு நாம் துரோகம் செய்கிறோம். அமெரிக்கப் பாராசூட் சங்கம் தன் இதழில் விபத்துகளை இறந்தவரின் பெயரைக் குறிப்பிடாமல், நிகழ்ந்தவற்றை மட்டும் வரிசையாகச் சொல்லி வெளியிடுகிறது. அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது எனக்கு வரும் பயபக்தி, பல கோயில்களில் வந்ததில்லை.

பாதுகாப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அதே சங்கத்தின் கணக்குப்படி 2023இல் அமெரிக்காவில் ஏறக்குறைய 36.5 லட்சம் குதிப்புகள் நிகழ்ந்தன. இறந்தவர்கள் 10 பேர். 1970களில் ஆண்டுக்குச் சராசரியாக நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இந்த மாற்றத்தில் கருவிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. பில் பூத் 1970களில் வடிவமைத்த மூன்று வளையப் பூட்டு, சிக்கிக்கொண்ட முதல் குடையை ஒரே இழுப்பில் கழற்றிவிட வழி செய்தது. 1991இல் ஜெர்மனியிலிருந்து வந்த சைப்ரஸ் என்ற சிறு பெட்டி, தரையிலிருந்து ஏறத்தாழ 225 மீட்டர் உயரத்திலும் ஒருவர் விநாடிக்கு 35 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் விழுந்துகொண்டிருந்தால், அவர் மயங்கியிருந்தாலும் மறந்திருந்தாலும், ரிசர்வை மூடியிருக்கும் கயிற்றைத் தானே வெட்டிவிடுகிறது.

அத்துடன் கதை முடிந்திருக்க வேண்டும், முடியவில்லை. கருவி எவ்வளவு பாதுகாப்பானதாக ஆகிறதோ, அந்த அளவுக்கு ஆபத்தை மனிதர்கள் தாங்களே தேடிக்கொண்டு இறப்புக் கணக்கைப் பழைய அளவிலேயே வைத்துக்கொள்வார்கள் என்று பூத் சொன்னதை வான்குதிப்பவர்கள் பூத்தின் விதி என்றே அழைக்கிறார்கள். குடையைத் திறக்காமல் இறந்தவர்கள் குறைந்தபோது, நன்றாகத் திறந்த, கிழிசலோ முறுக்கோ இல்லாத குடையின்கீழ் இறந்தவர்கள் கூடினார்கள். உடல் எடைக்கு மிகச் சிறிய குடையைத் தேர்ந்தெடுத்து, தரைக்கு அருகில் கூர்மையாகத் திருப்பி, வேகம் கூட்டிப் புல்லை உரசிக்கொண்டு இறங்குவதில் ஒரு போதை இருக்கிறது. பார்ப்பவர்கள் கைதட்டுகிறார்கள். திருப்பத்தை ஒரு விநாடி தாமதமாகத் தொடங்கியவருக்குச் சைப்ரஸும் உதவாது, சிவப்பு நூலும் உதவாது. அந்த உயரத்தில் ரிசர்வ் என்ற ஒன்றே இல்லை. ஆகவே பெரிய குடையோடு மெதுவாக இறங்குகிறவர்களைக் கிழவர்கள் என்று கேலிசெய்யும் வழக்கத்தை, எந்தக் கருவிக் கோளாறைவிடவும் ஆபத்தானதாக நான் கருதுகிறேன்.

இங்கிருந்து அரசியலுக்கு அதிக தூரமில்லை. அமெரிக்க வான்குதிப்பவர்களில் பலர், அரசாங்கம் எங்கள் பக்கமே வரக் கூடாது என்று நினைப்பவர்கள். அனுபவம் உள்ளவர்கள் குடையைத் திறக்க வேண்டிய குறைந்தபட்ச உயரத்தைச் சங்கம் 2013இல் 2,000 அடியிலிருந்து 2,500 அடியாக உயர்த்தியபோது, அதையே சுதந்திரத்தின் மீது விழுந்த அடி என்று சொன்னவர்களோடு நான் உணவருந்தியிருக்கிறேன். தொடக்கத்தில் எனக்கும் அந்தப் பேச்சு இனித்தது. ஆனால் சட்டத்தை எடுத்துப் படித்தபோது, அது நான் நினைத்ததைவிட நுட்பமாக எழுதப்பட்டிருப்பதைக் கண்டேன். உரிமம் பெற்றுத் தனியாகக் குதிக்கும் நான் சைப்ரஸைப் போன்ற தானியங்கிக் கருவியைப் பொருத்திக்கொள்வதும் கொள்ளாததும், கூட்டாட்சிச் சட்டத்தைப் பொறுத்தவரை, என் விருப்பம். பிறந்தநாளைக் கொண்டாட வந்து, பயிற்றுநரின் மார்போடு கட்டப்பட்டு இருவராகக் குதிக்கும் புதியவரின் பையில் அந்தக் கருவி இருந்தே தீர வேண்டும். அந்தப் பயிற்றுநருக்குக் குறைந்தது மூன்று ஆண்டு அனுபவமும் 500 குதிப்புகளும் வேண்டும். தன் உயிரோடு விளையாடுபவனை அரசு ஓரளவு விட்டுவிடுகிறது. எதையும் சோதித்துப் பார்க்கத் தெரியாமல் கையெழுத்திட்டவருக்காகக் குறுக்கே வந்து நிற்கிறது. அரசு எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல கோட்டை நான் வேறு துறையில் அதிகம் பார்த்ததில்லை.

தவறான இடத்தில் குறுக்கே நின்ற அரசும் உண்டு. 1797 அக்டோபர் 22 அன்று பாரிசில் பலூனிலிருந்து பாராசூட்டில் இறங்கிய ஆந்திரே ழாக் கார்னெரினின் குடையில் காற்று வெளியேற உச்சித் துளை இல்லாததால், அவர் ஊஞ்சலைப் போல வெகுவாக ஆடிக்கொண்டே இறங்கினார். மறு ஆண்டு அவர் ஒரு பெண்ணைத் தம்மோடு பலூனில் ஏற்றிச் செல்லப்போவதாக அறிவித்ததும் காவல் துறை அதிகாரிகள் அவரை அழைத்து விசாரித்துத் தடை விதித்தார்கள். குடையின் ஆட்டம் அல்ல, ஆணும் பெண்ணும் நெருங்கி வானேறுவதும், உயரத்தில் காற்றழுத்தம் குறைவது பெண்ணின் உடலை என்ன செய்யும் என்பதும்தான் அவர்களை உறுத்தின. அமைச்சர்கள் வரை போய்த்தான் தடை நீங்கியது. 1799இல் ழான் ழெனெவியேவ் லப்ரோஸ் பாராசூட்டில் இறங்கிய முதல் பெண்ணானார்.

இப்போது, குதிப்பவரிடம் அரசியல் கேட்கலாமா என்ற ஐயத்துக்கு வருகிறேன். 2012 அக்டோபர் 14 அன்று ஆஸ்திரியரான ஃபெலிக்ஸ் பௌம்கார்ட்னர் நியூமெக்சிகோ வானில் 38,969 மீட்டர் உயரத்திலிருந்து குதித்து, மணிக்கு 1,357.6 கிலோமீட்டர் வேகத்தில் ஒலியை முந்தினார். அடுத்த சில வாரங்களுக்குள் அவர் தம் நாட்டு நாளிதழ் ஒன்றுக்கு அளித்த பேட்டியில், ஜனநாயகத்தில் எதையும் அசைக்க முடியாது என்றும், விவரம் தெரிந்த சிலரைக் கொண்ட மிதமான சர்வாதிகாரம் தேவை என்றும் பொருள்படப் பேசினார். 2025இல் இத்தாலியில் பறக்கும்போது இறந்துபோன அவரது துணிச்சலுக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் அந்தப் பேச்சை அவருடைய குதிப்பே மறுக்கிறது. அன்று அவர் காதில் ஒலித்துக்கொண்டிருந்த குரல், உயரக் குதிப்பில் முன்பு சாதனை படைத்த, 84 வயதான ஜோ கிட்டிஞ்சருடையது. வெளியேறுவதற்கு முன் செய்ய வேண்டியவற்றை ஒவ்வொன்றாக அந்த முதியவர் வாசிக்க, பௌம்கார்ட்னர் ஒவ்வொன்றாகச் செய்தார். கட்டுப்பாடின்றிச் சுழன்று, 3.5 ஜி விசை, அதாவது புவியீர்ப்பைப் போல மூன்றரை மடங்கு விசை, ஆறு விநாடி நீடித்தால், அவர் கையை எதிர்பார்க்காமலே ஒரு சிறு நிலைப்படுத்தும் குடையைத் திறந்துவிடும் கருவியும் அவரிடம் இருந்தது. அவர் சுழன்றார், தாமாகவே மீண்டதால் அது திறக்கவில்லை.

கிட்டிஞ்சருக்கோ அப்படிப்பட்ட ஏற்பாடு திறக்கத்தான் வேண்டியிருந்தது. 1959 நவம்பர் 16 அன்று அவர் 76,400 அடியிலிருந்து குதித்தபோது நிலைப்படுத்தும் சிறு குடை முன்னதாகவே வெளிவந்து, அதன் கயிறு கழுத்தைச் சுற்றியது. நிமிடத்துக்கு 120 முறை என்ற வேகத்தில் சுழன்று அவர் நினைவிழந்தார். கீழே, தானாகத் திறந்த ரிசர்வ் குடை அவரைத் தரைக்குக் கொண்டுவந்தது. மறு ஆண்டு அவர் 1,02,800 அடியிலிருந்து குதித்துச் சாதனை படைத்தார். விவரம் தெரிந்த ஒருவர் தவறமாட்டார் என்று நம்பி யாராவது அந்த இரண்டாவது குடையை விட்டிருந்தால், 53 ஆண்டுகளுக்குப் பிறகு பட்டியலை வாசிக்க அவர் இருந்திருக்கமாட்டார். திறமைசாலியான தலைவருக்கு எதிர்க்கட்சியும் நீதிமன்றமும் தணிக்கையாளரும் எதற்கு என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் கிட்டிஞ்சரின் இந்த நவம்பர் நாளைத்தான் சொல்கிறேன்.

என் சொந்த அனுபவத்தில் ஒன்று. என் தளத்துக்கு வரும் முதியவர் ஒருவர், நான் அறவே வெறுக்கும் ஒரு கட்சியின் தொப்பியை அணிந்திருப்பார். வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களைப் பற்றி அவர் பேசுவதை நானிருக்கும்போதே கேட்டிருக்கிறேன். ஒரு சனிக்கிழமை, விமானம் 10,000 அடியைத் தாண்டியபோது, அவர் வழக்கம்போல் எதிரில் இருந்தவரைச் சோதிப்பதற்காக என் பக்கம் திரும்பி, மார்புப் பட்டையைத் தொட்டுப் பார்த்து, ஒன்றும் பேசாமல் அதை உருவினார். கொக்கியின் வழியாக மடக்கிச் செருக வேண்டிய பட்டையை நான் அவசரத்தில் நேராகச் செருகியிருந்தேன். குடை திறக்கும் இழுப்பில் அது நழுவியிருக்கும்; பட்டையோடு நானும் நழுவியிருப்பேன். சரியாக மாட்டிவிட்டு, தம் நெற்றியிலும் மார்பிலும் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, எனக்கு முன்பாக அவர் குதித்துவிட்டார். தரையில் நன்றி சொன்னேன். அவருடைய அரசியலைப் பற்றிய என் கருத்து அன்றும் மாறவில்லை, இன்றும் மாறவில்லை. அடுத்த தேர்தலிலும் அவருக்கு எதிராகவே பேசுவேன். விமானத்தில் மட்டும், முடிந்தபோதெல்லாம் அவருக்கு எதிரில்தான் உட்காருகிறேன்.

போன மாதம் என் ரிசர்வின் 180 நாள் முடிந்தது. ரிக்கர் அதைப் பிரித்து உலர்த்தி, ஒவ்வொரு தையலாக விளக்கில் பிடித்துப் பார்த்து மடித்து, புதிய சிவப்பு நூல் கட்டிக் கொடுத்திருக்கிறார். அவர் பையைத் திருப்பித் தந்த அதே வாரம், அம்மா அனுப்பிய கறுப்புக் கயிறு நைந்து அறுந்துபோனது. வேறு கயிறு வேண்டும் என்று இன்னும் அவரிடம் கேட்கவில்லை; கேட்டால் பழையது எப்போது அறுந்தது என்பதையும், அதற்குப் பிறகு எத்தனை முறை குதித்தேன் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும்.

வணக்கம்.