மரத்தடியில் கிடக்கும் தடயங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகளுக்கு நடுவிலும் தரைவீடுகளின் முன்புறத்திலும் மாமரம் நிற்கும் இந்தச் சிங்கப்பூரில், காய்ப்பு சரியில்லை என்று வருந்துவோர் மரத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள். குனிந்து தரையைப் பார்த்தால் காரணம் விரைவில் பிடிபடும் என்பது என் எண்ணம்.

இளந்தளிர்கள் கத்தரிக்கோலால் நறுக்கியதுபோல நேராக வெட்டுண்டு கிடந்தால், அது பிள்ளைகளின் குறும்பு அன்று. டெபொராஸ் மார்ஜினாட்டஸ் என்னும், அரிசி மணியளவே உள்ள கூன்வண்டு, தளிரின் நடுநரம்பில் முட்டைகளைச் செருகிய பிறகு அந்த இலையை அடிப்பக்கத்தில் அறுத்து வீழ்த்துகிறது. முட்டையிலிருந்து வரும் புழு, விழுந்த இலைக்குள்ளேயே அதன் சதையைத் தின்று வளர்ந்து, பின்னர் மண்ணுக்குள் புகுந்து கூட்டுப்புழுவாகிறது. ஆகவே தளிர்களை அன்றன்றே கூட்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்தினால், அடுத்த தலைமுறையில் பெரும்பகுதி மண்ணைத் தொடாமலே ஒழியும். மருந்துப் புட்டியைவிட விளக்குமாறு கைகொடுக்கும் இடம் இது.

பூக்கள் கருகி உதிர்ந்தால் தத்துப்பூச்சியை ஐயுறலாம். பூங்கொத்தை அசைத்தவுடன் அது துள்ளிப் பறக்கும். அதுவும் அதன் குஞ்சுகளும் சாற்றை உறிஞ்சிக் கழிக்கும் இனிப்பு நீரில் கரும்பூசணம் படர்ந்து இலைகள் கறுத்துவிடும். மரத்தடியில் நிறுத்திய காரின் பிசுபிசுப்புக்கும் இந்த நீர் காரணமாகலாம். அடர்ந்த நிழலை இப்பூச்சி விரும்புவதால், கிளைகளைக் கழித்து வெளிச்சம் விடுவது நல்லது.

அழுகி விழுந்த பழத்தைப் பிளந்தால் நெளியும் வெண்புழுக்கள், முதிரும் காயின் தோலுக்கடியில் பழ ஈ இட்ட முட்டைகளிலிருந்து வந்தவை. அவையும் மண்ணுக்குள் சென்றே ஈயாகின்றன. மெத்தில் யூஜினால் என்னும் மணப்பொருள் வைத்த பொறி ஆண் ஈக்களை மட்டுமே ஈர்க்கும் என்பதால், அதை மட்டும் நம்பாமல், காய் முதிருமுன் பையால் மூடுவதே உறுதியானது.

அடிமரத்தருகே மரத்தூள் கொட்டிக் கிடந்தால், உள்ளே தண்டு துளைப்பான் புழு இருக்கக்கூடும். கிளையே காயுமளவுக்கு அது குடைந்துவிடும்.

கடித்தால் சுரீரென்னும் முயிறு எறும்பின் இலைக்கூட்டைக் கண்டதும் கலைத்துவிடுகிறோம். மலாய்க்காரர்கள் கெரெங்கா என்றழைக்கும் இந்த எறும்பு, மரத்தின் சாற்றை உறிஞ்சும் மாவுப்பூச்சிகளைப் பேணி வளர்ப்பது உண்மைதான்; ஆயினும் பழ ஈயையும் தத்துப்பூச்சியையும் விரட்டுவதால், வட ஆஸ்திரேலிய மாந்தோப்புகளில் இதைக் காவலுக்கே பயன்படுத்தியிருக்கிறார்கள். நடைபாதைக்கு எட்டாத உயரத்தில் கூடு இருந்தால், என் மரத்தில் நான் அதைத் தொடுவதில்லை. நன்றி.